உடைந்த விளக்கு எந்தப் பக்கம்

சேகரு, நாளை மறுநாள் நீ செவிலிமேட்டுக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்ப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. பாதியில் வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்து கத்தாதே. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், உன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், அப்புறம் பேச்சு உன் கல்யாணப் பந்தியில் அவள் அம்மா என்னை இலையிலிருந்து எழுப்பிவிட்ட கதைக்குப் போய்விடும். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், ஆனால் இது அதைவிடப் பெரியது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். வேறு யார் கையில் இது கிடைத்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம். அறுபது வருஷத்துக்கு மேல் மூடியே வைத்திருந்தேன், போதும்.

உனக்கு இந்தப் பழைய அமெரிக்கக் கார் பைத்தியம் பிடித்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பகலெல்லாம் ஒரகடத்துப் பக்கம் கம்பெனியில் புதுக் காரின் கதவில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறாய். வீட்டுக்கு வந்தால், யார் யாரோ அனுப்பும் பழைய போட்டோக்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, இது இன்ன வண்டி, இன்ன வருஷம் என்று போனில் இருக்கும் உன் கார் குரூப்பில் எழுதுகிறாய். அமெரிக்காவிலிருந்தே ஒருவன் உனக்கு நன்றி போட்டான் என்று அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன் மகளுக்கு நீ சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே நானும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். முதலில் முன்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். இரண்டு துண்டாக இருந்து நடுவில் கம்பி ஓடினால் வண்டி பழையது, ஒரே கண்ணாடியாக வளைந்திருந்தால் பிந்தியது. பிறகு மூக்கில் இருக்கும் வெள்ளிப் பட்டைகள். பிறகு பானெட் நுனியில் நிற்கும் பொம்மை. கப்பல் நின்றால் பிளிமத், ஆட்டுக்கடா நின்றால் டாட்ஜ். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இதப் பாரேன். நம்ம ஊரு மாப்பிள்ளை அழைப்பு போட்டோ. வண்டி பிளிமத்து, அம்பத்தொண்ணோ அம்பத்திரெண்டோ. ஆனா ஸ்டேரிங் இடது பக்கம் இருக்குது பாரு. குரூப்ல எல்லாரும் அமெரிக்காவுலருந்து நேரா கப்பல்ல வந்த வண்டின்னு சாதிச்சிக்கினு இருந்தானுங்க. நான்தான் புடிச்சேன்." என்ன பிடித்தாய் என்று கேட்டேன். "மாப்பிள்ளை கோட்டுல கைக்குட்டை வலது பக்கம் இருக்குதும்மா. எந்த ஊர்ல கோட்டுக்கு வலது பக்கம் பை வெப்பான்? வாட்ச்சும் வலது கையில. ஸ்டூடியோக்காரன் பிலிமைத் திருப்பி வெச்சி கழுவிட்டான். நம்பர் பிளேட்டுல மாலை தொங்குறதால ஒருத்தனுக்கும் தெரியல." இப்படிச் சொல்லிக்கொண்டே போன் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினாய். படம் புரண்டது. உடைந்திருந்த முன்விளக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது. என் மடியில் காபி கொட்டியது. பிரஷர் மாத்திரை போட்டாயா என்று நீ கேட்டாய்.

அந்தப் படத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்ததே, அதை டீக் கறை என்றாய். அது டீ இல்லை. படத்தை அனுப்பியது செவிலிமேட்டில் இருக்கும் ஒரு பெண் என்றும், அவள் அப்பா அந்த வண்டிக்கு டிரைவராக இருந்தவர், தொண்ணூறை நெருங்கிவிட்டார், ஒரு கண் கிடையாது என்றும் சொன்னாய். "படம் திரும்பி இருக்குதுன்னு நான் போன்ல சொன்னதும் அந்தம்மா அழுவுறாங்கம்மா. இன்னாத்துக்குன்னே தெரியல. ஒரு நாள் வந்து எங்கப்பாகிட்ட உங்க வாயால சொல்லுங்கன்னு கூப்புட்டாங்க" என்றாய். எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா பெயர் கன்னியப்பன். அந்தக் கண்ணை எடுத்தது நான்.

உன் பெரிய மாமன் ஏழுமலை எப்படிச் செத்தான் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்ணனுக்கு இருபத்திரண்டு. பாலாறு தாண்டிப் போய்த் தறிக்குப் பாவு நூல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்திருந்தேன். பொழுது சாயும் நேரம், ரோட்டில் இடது ஓரமாகத்தான் மிதித்தான். பின்னாலிருந்து வந்தது வண்டி. ஹாரன் இல்லை. அதன் இடது மூக்கு எங்களைத் தூக்கி எறிந்தது. நான் முள்ளில் போய் விழுந்தேன். அண்ணன் மைல்கல்லில் விழுந்தான். தேங்காய் உடைகிற சத்தம் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்படி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. பின் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. உள்ளே இருந்தவன் திரும்பிப் பார்த்திருப்பான். அப்புறம் கிளம்பிப் போய்விட்டது. பச்சை வண்டி. ரோட்டில் விளக்குக் கண்ணாடி சிதறிக் கிடந்தது, எல்லாம் எங்கள் ஓரத்தில். அண்ணன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு காது வழியாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. என் அம்மா அதைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போது நம் ஊரில் இப்படிப்பட்ட பெரிய வண்டிகள் விரலைவிட்டு எண்ணும்படிதான் இருந்தன. பட்டு முதலாளிகள் வைத்திருந்தார்கள். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் கேட்பார்கள், பூ ஜோடித்துக் கொடுப்பார்கள். அண்ணனைத் தூக்கிப்போட்டு வந்த எட்டாம் நாள், என் தாய்மாமன் துரைசாமி ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு கல்யாணப் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் அடிபட்டதற்கு மறுநாள் நடந்த மாப்பிள்ளை அழைப்பு. படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் ஊருக்கே தெரிந்த ஒரு முதலாளியின் பச்சை வண்டி, முன்விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது, ஸ்டேரிங்கில் கன்னியப்பன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை நிற்கிறான். வண்டியையே போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்குள் மதராசுக்கு ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கையில் இருந்தது அந்தப் படம் மட்டும்.

இந்த இடத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொள். வேறு யாராவது இருந்தால் படத்தைப் பார்த்து, வண்டி நம்மைப் பார்த்து நிற்கிறதே, இது அதற்கு இடதா வலதா என்று குழம்பியிருப்பார்கள், நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும், பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நெய்வோம். இங்கே இடமாக இருக்கும் அன்ன உருவம், சேலை கட்டியவள் உடம்பில் வலமாக இருக்கும். பிறந்ததிலிருந்து எங்கள் கண் தானாகவே திருப்பிக்கொள்ளும், அதில் எங்களுக்கு ஒரு திமிரும் உண்டு. என் அப்பா படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார், தறியில் வைப்பதுபோல. கண்ணை மூடித் திறந்தார். "இடது விளக்கு" என்றார். அவர் சரியாகத்தான் திருப்பினார். அது ஏற்கெனவே திரும்பியிருந்த படம். ஸ்டேரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. காரில் ஏறியிருந்தால்தானே பார்ப்பதற்கு? எங்களுக்கு அந்த விளக்கு ஒன்றுதான் தெரிந்தது.

துரைசாமி மாமா என் பக்கம் திரும்பினார். "ஏ குட்டி, மூக்குல கப்பல் பொம்மை இருந்துதா?" என்று கேட்டார். "இருந்துது" என்றேன். "நல்லா பாத்தியா?" "நல்லா பாத்தன் மாமா." பின்னால் வந்து இடித்த வண்டியின் மூக்கை நான் எப்படிப் பார்த்திருப்பேன், சேகரு? அதை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் செத்ததற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, படத்தில் ஒரு முகம் இருந்தது.

மறுநாள் காலையில் கன்னியப்பனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதற்காக ஒரு கல் கம்பம் நட்டிருக்கும். அதில் அவரைக் கட்டினார்கள். கட்டியதும் பாவுக் கயிறுதான், ஈரக் கயிறு. இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, மீசை அப்போதுதான் கருத்திருந்தது. முதல் அடியை அப்பா அடித்தார். அதன் பிறகு யார் யார் என்று கணக்கே இல்லை. தெரு முழுக்க அடித்தது. தறிக் கட்டையால் முழங்காலில் அடித்தபோது அந்தக் கால் பின்பக்கமாக மடங்கியது. ஒருவர் விரல்களைக் கல்லோடு வைத்து மிதித்தார், "இந்தக் கைதானடா ஓட்டுச்சி" என்று. பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. பெண்கள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள், ஒருத்திகூட நிறுத்து என்று சொல்லவில்லை. என் அம்மா, "இன்னும் போடு, இன்னும் போடு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தியது எனக்கு இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "உடைஞ்சது என் பக்கத்து விளக்குய்யா! நான் குந்துற பக்கம்! அழைப்பு அன்னைக்கிக் காலையில தேர்முட்டிக் கல்லுல இடிச்சிட்டன், போய் பாருங்கய்யா, கல்லுல பச்சை ஒட்டியிருக்கும்!" கோயில் தேர் நிற்கும் அந்தத் தேர்முட்டி எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ஒருவர் போய்ப் பார்த்திருக்கலாம். ஓடிப் போய்வர நான் ஒருத்தி சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். "டிரைவர் பேச்சு பேசுறான் பாரு" என்று மாமா வாயில் குத்தினார். இத்தனை வருஷமும் அந்த வார்த்தைகள் என் காதில் இருந்தன, அர்த்தம் மட்டும் ஏறவில்லை. நீ போனில் தட்டினாய், அப்போதுதான் ஏறியது. டிரைவர் உட்காரும் பக்கம் ரோட்டின் நடுப்பக்கம். ஓரமாகப் போனவனை அந்தப் பக்கத்து விளக்கு இடிக்காது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அண்ணன் தறியில் அவனுடைய நாடா கிடந்தது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுமே, அந்தக் கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அதில் அவன் கடைசியாகப் போட்ட அரக்கு நூல் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். ஆண்கள் மூச்சு வாங்குவதற்காகச் சற்று விலகி நின்றிருந்தார்கள். அவர் தலை தொங்கியிருந்தது. நான் கிட்டே போனதும் சின்னப் பெண் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் தூக்கினார். இடது கண்ணில் குத்தினேன். கை நழுவிப் போய்ப் பட்டது இல்லை, சேகரு. குத்திவிட்டுத் திருகினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருநாய் ஓடியது. எங்கள் ஆட்கள் அப்போதுதான் பயந்து கயிற்றை அவிழ்த்தார்கள். மாமா என் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டு, "நீ ஒண்ணும் பண்ணல, நீ உள்ள இருந்த" என்றார். கண் கட்டையடியில் போனது என்று தெரு பேசிக்கொண்டது. கேட்டு வந்த போலீசிடம், தாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தரையில் விழுந்து கிடந்த போட்டோவை அவர் சட்டைக்குள் செருகிக்கொண்டு தவழ்ந்து போனார் என்று பிறகு சொன்னார்கள். நீ டீ என்று சொன்ன கறை அவர் ரத்தம்தான்.

ஒற்றைக் கண்ணனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? முதலாளி விரட்டிவிட்டார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார், ஒரு ஸ்கூல் கேட்டில் உட்கார்ந்திருந்தார், கைவண்டி இழுத்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவரை ஒரு நாளும் கண்ணிலிருந்து விட்டதில்லை. எங்கே பார்த்தாலும் துப்புவேன். கருட சேவைக் கூட்டத்தில் ஒரு தடவை எனக்கு முன்னால் நின்றார், பெருமாள் எதிரே வந்துகொண்டிருக்கிறார், நான் அவர் முதுகில் துப்பினேன். அவர் திரும்பிப் பார்த்தார். துண்டால் துடைத்துக்கொண்டு கும்பிடப் போய்விட்டார். அப்போது நீ என் இடுப்பில் இருந்தாய். "து" என்று நீயும் துப்பினாய். வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

உன்னை அப்படித்தான் வளர்த்தேன். அந்த ஆளின் பெயரைச் சொல்லவில்லை, கண்ணைச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சோறோடு பிசைந்து ஊட்டினேன். உன் தாத்தா கட்டி வைத்து உரித்தார் என்று நீ பெருமையாகச் சிநேகிதர்களிடம் சொல்லுவாய். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவனைப் பல் விழ அடித்துவிட்டு வந்தாயே, அன்றைக்கு உனக்கு இரண்டு முட்டை ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். உன் மகள் பிளஸ் டூ படிக்கும்போது பொய் சொன்னாள் என்று அவளைப் பெல்ட்டால் அடித்தாய். பிறகு பார்த்தால் பொய் சொன்னது அவள் இல்லை, அவள் சிநேகிதி. அப்போதும் நான், "அடிச்சா ஒண்ணும் கொறஞ்சிடாது" என்றேன். அந்தப் பிள்ளை இன்றைக்கும் நீ கை தூக்கித் தலை வாரினால்கூடக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். உன் கையைத் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. அது என் கை.

படத்தைப் பார்த்த இரண்டு மூன்று நாளைக்கு உன்னை நச்சரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? "பச்சை வண்டியா காட்டு, பின்பக்கமா காட்டு" என்றேன். "இன்னாம்மா, நீயும் குரூப்ல சேரப் போறியா?" என்று சிரித்தாய். பிளிமத்தின் பின்பக்கத்தைக் காட்டினாய். அந்த விளக்கு உருண்டை இல்லை. நான் முள்ளில் கிடந்தபடி பார்த்தவை உருண்டையாக இருந்தன, இரண்டு குங்குமப் பொட்டு மாதிரி. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் பின்விளக்கு எப்படி இருந்தது என்று கேட்டதே இல்லை, நிறத்தைத் தவிர நான் நிஜமாகப் பார்த்தது அது ஒன்றுதான். அடுத்தடுத்து நீ தள்ளிக்கொண்டே போனாய். ஒரு வண்டியில் என் கண் நின்றது. அது எது என்று இங்கே எழுதமாட்டேன், நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். சொன்னால் அப்படி ஒரு வண்டி அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் வீட்டில் நின்றது என்று தோண்டுவாய். தோண்டி ஒரு பேரனையோ பேத்தியையோ கண்டுபிடிப்பாய். இவன்தான் என்று இன்னொரு தடவை நீட்ட இந்த விரலுக்கு யோக்கியதை இல்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை நீ வேலைக்குப் போனதும் டவுன் பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போனேன். உன்னோடு போகலாம் என்றுதான் இருந்தேன். உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மகள் மல்லிகா கதவைத் திறந்தாள். "யாரும்மா?" "ஏழுமலையோட தங்கச்சி." "எந்த ஏழுமல?" அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "உள்ள விடுமா." வயர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் கோணலாக இருந்தன. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"படம் திரும்பி இருந்துதுங்க" என்றேன்.

"அத உன் புள்ளதான் சொல்லணுமா? நான் அன்னைக்கே சொன்னன்."

அப்போதுதான் உன்னை அவருக்குத் தெரியும் என்று புரிந்தது. நீ போனில் உன் தெருப் பெயரைச் சொன்னதுமே கணக்குப் போட்டுவிட்டாராம். "கண்ணு கட்டையடியில போவல. நான்தான் குத்துனேன்" என்றேன். மல்லிகா ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

"தெரியும்" என்றார். "இன்னொரு கண்ணு தெறந்துதான இருந்துது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பொட்டப் புள்ள குத்திட்டாள்னு ஊர்ல சொல்லச் சொல்றியா? வெக்கமா இல்ல? கிட்ட வா."

போனேன். அறைந்தார். அந்த வயசில் அப்படி ஓர் அறை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போனது, பல்செட் நகர்ந்து நாக்கைக் கிழித்தது. மல்லிகா, "அப்பா, அப்பா" என்று கூச்சல் போட்டாள். நான் வாயைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் அடிங்க" என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கை வலிக்குது. நாளைக்கி வா" என்றார்.

என் கன்னம் வீங்கியதைப் பார்த்து நீ கேட்டபோது, பாத்ரூமில் வழுக்கியது என்றேன். நீ நல்ல பிள்ளையாக ரப்பர் பாய் வாங்கிப் போட்டாய். செவ்வாய்க்கிழமையும் போனேன். கைத்தடியால் முட்டியில் போட்டார். நான் நொண்டுவது வாதத்தால் இல்லை. புதன்கிழமை அடிக்கத் தெம்பில்லை, ஒரு மணி நேரம் ஏசினார். என் அப்பாவை, மாமாவை, செத்த அண்ணனைக்கூட விட்டுவைக்கவில்லை. அண்ணனைச் சொன்னபோது என் கை தானாக இறுகியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. மல்லிகா மோர் கொண்டுவந்தாள், நான் வாங்கக் கையை நீட்டியதும், "உனக்கு எதுக்கு மோரு" என்று திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று கொடுத்தாள், உப்புப் போடாமல்.

நேற்று அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. "வண்டி எந்த வருசம்னு சொன்னான் உன் புள்ள?" என்று கேட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் கம்பி, மூக்கில் கப்பல், ஆகவே இன்ன வருஷம் என்று. "ரெண்டு வருசம் தொடச்சி தொடச்சி ஓட்டுனன், எனக்கே தெரியாது" என்றார். அந்தக் கியர் எப்படி விழும், மழையில் அந்த வண்டி எப்படி இருமும் என்று கொஞ்ச நேரம் பேசினார். கோணல் விரலால் காற்றில் ஸ்டேரிங்கைத் திருப்பிக் காட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதற்கு எனக்கு என்ன உரிமை?

நான் எழுந்திருக்கும்போது சொன்னார்: "உன் பங்கை நீ வாங்கிக்கின. உங்கப்பனும் மாமனும் செத்துட்டானுங்க. அவனுங்க பங்கை நான் யாருக்குக் குடுக்கறது? உன் புள்ள வரான் இல்ல ஞாயித்துக்கெழமை. நீ வராத. அவன் தனியா வரட்டும்." "வருவான்" என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். உனக்கு ஐம்பது வயசாகப் போகிறது, நீ செய்யாத காரியத்துக்கு நீ ஏன் அடி வாங்க வேண்டும் என்று நீ கேட்கலாம். அவரும் செய்யாத காரியத்துக்குத்தான் வாங்கினார். அது ஒன்றுதான் நான் சொல்ல முடியும். போகாமல் இருந்தாலும் நான் உன்னை வையமாட்டேன், ஆனால் அவருக்கு இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று தெரியாது.

போவதானால் சில விஷயம் சொல்கிறேன். பழம், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. முதலில் படத்தை எடுத்துத் திருப்பிக் காட்டு, உடைந்த விளக்கு எந்தப் பக்கம் என்று மல்லிகா கேட்கும்படி சத்தமாகச் சொல், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும். மாமன் பெயரை எடுத்து அவர் எது சொன்னாலும் பதில் பேசாதே. அப்புறம் அவர் உன்னைக் கிட்டே வரச் சொல்லுவார். உன் கை தானாக எழும் கை என்று எனக்குத் தெரியும், அவர் கையைப் பிடித்துவிடாதே, முகத்தையும் திருப்பிக்கொள்ளாதே. அவருக்கு இடது பக்கம் கண் இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் உன்னைத் தேட வேண்டியிருக்கும். வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள், கை எட்டும் தூரத்தில்.